கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு அமெரிக்க மில்லிமீட்டர்

என் முதலாளி மற்றவர்களை விட்டுவிட்டு என்னை இந்தியாவுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், நான் எவரையும் லேசில் நம்பாதவன் என்பதுதான். கொழும்பில் எங்களுடையது மோட்டார் உதிரிச் சாமான் கடை. ஓட்டித் தேய்ந்த பிஸ்டனை மண்ணெண்ணெயில் கழுவி, 'போன வாரம் வாங்கினது, பெட்டியைப் பிரிக்கவே இல்லை' என்று திருப்பிக் கொடுக்க வருகிறவனை, அவன் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். இந்தத் திறமையை வீணாக்க முதலாளிக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். தேனி பஜாரில் ஞானமுத்து என்று ஒரு வியாபாரி. அமெரிக்கக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்தில் நின்று போவதால், எங்களிடமிருந்து பேரிங் தருவித்து விற்றுக்கொண்டிருந்தார். பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே கோலிக்குண்டு போல உருண்டைகள் ஓடும் சாமான். வண்டியின் தண்டு அதற்குள் செருகிச் சுழலும். ஞானமுத்து விற்ற ஒரு பேரிங்கைக் கியர் பெட்டியில் போட்ட பஸ், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஓடும்போதே இறுகிப் புளியமரத்தில் மோதியது. டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பெட்டியில் அமெரிக்கப் பெயர், உள்ளே போலிச் சாமான் என்று பஸ் முதலாளி ஊரெல்லாம் சொல்லி, எங்களுக்கும் எழுதிப் போட்டுவிட்டார். போலியை நுழைத்தது யார் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். அது ஞானமுத்துதான் என்று கப்பல் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. என் அப்பா திருநெல்வேலிக்காரர் என்றாலும் நான் பிறந்து வளர்ந்தது கொழும்பில்; இந்தியா எனக்கு அயல்நாடுதான். தேனியில் இறங்கியதும் காற்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. தலைப்பாகைகளை எல்லாரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசு.

ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். கொழும்பில் காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்த இட்லி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடைக்காரன் சட்னியை இரண்டாம் முறையும் கேட்காமலே ஊற்றினான். கேட்காமல் கொடுப்பவனிடம் ஜாக்கிரதையாக இருப்பது என் வழக்கம். பக்கத்து பெஞ்சில் இரண்டு பஞ்சுத் தரகர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஞானமுத்து அப்படிச் செய்யிற ஆளில்லப்பா."

"ஆளப் பாத்து என்ன தெரியும்? சின்னச்சாமி இல்ல படுக்கையில கெடக்கான். காலு சேருமா சேராதான்னு மதுரை டாக்டருக்கே தெரியலயாம்."

சின்னச்சாமி என்பது அந்த டிரைவர். நான் இட்லியை முடித்துவிட்டுக் கடையைத் தேடிப் போனேன்.

கொழும்புக்காரன் என்று காட்டிக்கொள்ளாமல், பேரிங் வாங்க வந்தவன் போல நடிப்பது என் திட்டம். ஞானமுத்துவுக்கு நாற்பது வயசு இருக்கும். வெள்ளை ஜிப்பா. கடைச் சுவரில் ஒரு வேத வசனம் சட்டம் போட்டுத் தொங்கியது. கேட்ட பேரிங்கை எடுத்து நீட்டினார். நான் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கொழும்புல இருந்துதான வர்றீக? உக்காருங்க."

"எப்படித் தெரியும்?"

"வாங்க வர்றவுக சாமானப் பாப்பாக. நீங்க பெட்டியைப் பாத்தீக."

இவ்வளவு கெட்டிக்காரன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று என் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

பெட்டியைப் பிரித்தேன். என்னிடம் முதலாளி கொடுத்தனுப்பிய அளவுக்கருவி இருந்தது. இடுக்கி போல இரண்டு தாடை, ஒரு பக்கம் அங்குலக் கோடு, மறுபக்கம் மில்லிமீட்டர்க் கோடு. இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பிலும் சரி, தேனியிலும் சரி, பேரிங்கை யாரும் அளந்து வாங்குவதில்லை. வளையத்தில் பொறித்த எண்ணைச் சொன்னால் கடைக்காரன் அந்த எண்ணுள்ள பெட்டியை எடுத்துத் தருவான், அவ்வளவுதான். நானும் அன்றுதான் முதல் தடவையாக ஒரு பேரிங்கின் துளையை அளந்தேன். மில்லிமீட்டர்ப் பக்கம் முப்பதில் கச்சிதமாக வந்து நின்றது. அங்குலப் பக்கத்தில் ஒரு கோட்டிலும் சரியாக உட்காராமல் மயிரிழை தள்ளி நின்றது.

அதற்குள் கடை வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். தோளில் துண்டு போட்ட ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னய்யா சொல்லுது?"

"முப்பது மில்லிமீட்டர்."

"இஞ்சுல எம்புட்டு?"

"இஞ்சில் சரியாக வரவில்லை."

"வீசத்துலகூட அடங்கலயா?"

வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்குலமும் அதே மாதிரி அரையாக, காலாக, அரைக்காலாக, வீசமாக உடைவதால், அதை இங்கிலீஷ்காரனின் அளவு என்றே அவர்கள் நினைப்பதில்லை; தங்கள் சொந்த அளவு என்றுதான் நினைத்தார்கள். வீசத்தில் அடங்காத சாமானை அவர் முகர்ந்து பார்த்த விதம், கெட்ட மீனை முகர்வது போல இருந்தது.

"அப்ப இது ஜெர்மனிக்காரன் சாமான். இல்லாட்டி ஜப்பான். அமெரிக்காக்காரன் மில்லியில செய்ய மாட்டான், அவன் இஞ்சுக்காரன்" என்றார்.

அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அதுதான் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் அங்குலம், மற்ற ஐரோப்பா மீட்டர் என்று சொல்லும். ஞானமுத்துவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அளவுக்கருவியை வாங்கித் தானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி எஸ்தர் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். குழம்பு அருமை. எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றிக் காரத்தைக் கொன்றுவிடுவார்கள். இங்கே மிளகு நெஞ்சு வரை வந்து பேசியது. எஸ்தர் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "பஜார்ல ஒருத்தரும் கடைக்கு வர்றதில்லைங்க. இன்னைக்கு நீங்க அளந்ததோட, இனிமே இந்தப் பள்ளத்தாக்குல எங்க கடையில ஒரு ஆணிகூட விக்காது. மூணு தலைமுறையா இருக்கிற கடை." நான் எலும்பைக் கடித்தபடி குனிந்துகொண்டேன்.

மறுநாள் காமயகவுண்டன்பட்டிக்குப் பயணம். பஸ் முதலாளி வேலுச்சாமி அங்கேதான் இருக்கிறார். கொழும்பு டிராம் நிற்கும் இடத்தில் நிற்கும், போகும் இடத்தில் போகும். இந்த பஸ் யார் கையைக் காட்டினாலும் நின்றது, யாரும் காட்டாத இடத்திலும் நின்றது. என் மடியில் யாரோ ஒரு கோழிக்கூடையை வைத்தார்கள். சுருளி அருவிக்குக் குளிக்கப் போகிற ஒரு குடும்பம் சுருளிப்பட்டி வரை வரவேண்டும் என்று எண்ணெய்க் குப்பியும் கையுமாக ஏறியது. சின்னமனூர் தாண்டியதும் என்ஜின் கொதித்து ஆவி விட்டது. கண்டக்டர் பனையோலைப் பட்டையோடு வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தார். இரண்டு பக்கமும் நெல் வயலும் தென்னந்தோப்பும், நடுவில் நாங்கள் ஆவியோடு நின்றோம்.

தண்ணீர் ஊற்றும்போது கண்டக்டர் மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சேதி தெரியுமா? கொழும்புல இருந்து பெரிய ஆபீசர் வந்து அளந்துட்டாகளாம். ஞானமுத்து கடையில இருக்கிறது அம்புட்டும் ஜப்பான் சாமானாம்."

"ஆபீசரு எப்படி இருந்தாக?"

"ஆறடி இருப்பாகளாம். வெள்ளைக்காரரு மாதிரி."

என் உயரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கோழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலுச்சாமி திராட்சைத் தோட்டத்தில் இருந்தார். பெரிய மீசை, உறுதியான உடம்பு, நிதானமான பேச்சு. பந்தலுக்கடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, ஒரு கூடைத் திராட்சையை என் முன்னால் வைத்தார். கொழும்பில் ஆஸ்திரேலியாக் கப்பலில் வரும் திராட்சையைத் தாளில் சுற்றி நோயாளிக்கு வாங்கிப்போவார்கள். இங்கே கூடை கூடையாக உள்ளே தள்ளுகிறார்கள். இதையும் ஏதோ காரியமாகத்தான் கொடுக்கிறார் என்று பட்டது. ஆனாலும் நிறையச் சாப்பிட்டேன்.

உடைந்த பேரிங்கையும் தண்டையும் மாட்டுத் தொழுவத்திலிருந்து எடுத்துவரச் சொன்னார். பேரிங் கருத்து, நீலம் பாரித்து, தண்டோடு ஒட்டிப்போய் இருந்தது.

"தண்டு பழசா?" என்று கேட்டேன்.

"புதுசு. பழசு தேஞ்சுபோச்சு. தேனி மில்லு பட்டறையில லேத்துல புதுசா கடையச் சொன்னேன். அளவு நானே குடுத்தேன். பழைய பேரிங்கு துளை மேல அடிக்கோலை வச்சுப் பாத்தேன். ஒரு இஞ்சும் மூணு வீசமும். சுத்தமா உக்காந்துச்சு. கடைஞ்சு முடிச்சப்புறம் ஞானமுத்து கடையில பேரிங்கு வாங்கினேன். மரச் சுத்தியல் வச்சு அடிச்சுத்தான் ஏத்துனோம். அப்பவே எனக்கு மனசுல ஒரு இது. அசலா இருந்தா வெண்ணெய் மாதிரி ஏறணும்ல."

பிறகு தண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சின்னச்சாமி என் தம்பி மகன். அவன் காலுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும். ஞானமுத்துகிட்ட, எங்க முன்னோரைக் கும்பிடுற மாலைக்கோயில் முன்னாடி வந்து, வித்த சாமான் அசல்தான்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டா நான் வாயை மூடிக்கிறேன்னேன். மாட்டேங்கிறான்யா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் இந்தப் பள்ளத்தாக்குல வண்டி வச்சிருக்கிற ஒருத்தரும் அவன் கடை வாசல் மிதிக்க மாட்டாக."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்துச் சத்தியம் செய்வது அங்கே வழக்கம். பொய் சொன்னவன் கை வெந்து போகும் என்று நம்பிக்கை. ஞானமுத்துவோ புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். சத்தியமே செய்யக்கூடாது என்று அவர்கள் வேதத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்திருக்கிறார். வசதியான வேதம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் சரக்கில் ஒரு பகுதியை ஞானமுத்து மேகமலை எஸ்டேட் ஒன்றுக்கும் விற்றிருந்தார். அதையும் அளந்துவிட்டால் திருட்டின் முழு நீளமும் தெரியும் என்று, அடுத்த நாள் சின்னமனூரில் எஸ்டேட் லாரியில் அரிசி மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பாதையைப் பாதை என்று சொன்னவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. லாரியின் பின்பலகையில் கையில் மரக்கட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் லாரி மூச்சு வாங்கி நிற்கும்போது குதித்து, பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது அவர் வேலை. "நீங்க குதிக்க மறந்துட்டா?" என்று கேட்டேன். "மறக்க மாட்டேன்யா. எனக்கும் வீடு மேலதான் இருக்கு" என்றார். வழி நெடுக அவர் மேலேயே ஒரு கண் வைத்திருந்தேன். வளைவுகளில் இறங்கி நின்றபோது அட்டைப்பூச்சி இரண்டு காலிலும் ஏறியது. மேலே போனதும் ஏலக்காய் வாசனையும் தேயிலைத் துளிரும் வந்தன. அங்கே மட்டும் எனக்கு இலங்கையின் மலைநாட்டுக்கே வந்துவிட்டது போல இருந்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்கள்கூட அதே தகரக் கூரை, அதே புகை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு நாயர். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். ஞானமுத்து விற்ற பேரிங்கை அளந்தேன், முப்பது மில்லிமீட்டர். எதிர்பார்த்ததுதான். நாயர் ஒரு மூலையிலிருந்து தேய்ந்த பேரிங் ஒன்றை எடுத்து வந்து போட்டார்.

"இதையும் நோக்குங்க. லாரி அமெரிக்காவுல இருந்து வந்தப்ப அதுக்குள்ளேயே இருந்தது. தேனியும் இல்ல, கொழும்பும் இல்ல."

அதுவும் முப்பது மில்லிமீட்டர்.

நாயரும் கூட்டாளி என்று முடிவு செய்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கோபப்படவில்லை. ஸ்டோரின் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பிரிக்காத ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த, விளக்குக்கு மின்சாரம் தரும் என்ஜின். ஆணிகளின் தலை துருவேறி மரத்தோடு பதிந்து கிடந்தது. இரும்புப் பட்டையில் அமெரிக்கத் துறைமுகத்தின் முத்திரை. "ஆணியை நிங்களே பறிக்குங்க" என்று கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.

நானேதான் பறித்தேன். என்ஜினைச் சுற்றியிருந்த மெழுகுத்துணியையும் நானே கிழித்தேன். எஸ்டேட்டின் ஸ்காட்லாந்து என்ஜின் துரை சத்தம் கேட்டு வந்து, முதலில் என்னைத் திட்டிவிட்டு, பிறகு வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார். டைனமோவின் மூடியைக் கழற்றினோம். அந்த பேரிங்கின் துளை இருபது மில்லிமீட்டர். ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை.

துரை சிரித்தார். இங்கிலீஷில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நான் இரண்டு வருஷம் அமெரிக்காவில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கே போல்ட், நட்டு, தகடு எல்லாம் அங்குலம். குண்டு பேரிங் மட்டும் மில்லிமீட்டர். அந்தத் தொழிலை ஐரோப்பாவிலிருந்து எடுத்தபோது அளவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஓர் அமெரிக்கனைக் கேட்டுப் பார், எங்கள் நாட்டில் மில்லிமீட்டரே கிடையாது என்று பைபிள் மேல் சத்தியம் செய்வான். அவன் கார் அதன் மேல்தான் உருண்டுகொண்டிருக்கும், அவனுக்குத் தெரியாது."

"கீழே தேனியில் மீட்டரைக் கண்டாலே ஜெர்மனி என்கிறார்கள்" என்றேன்.

"மண்டபத்திலிருந்து மதுரைக்கு எந்த ரயிலில் வந்தாய்? மீட்டர் கேஜ். அதை ஜெர்மன்காரனா ஓட்டுகிறான்?"

துரைமார்களுக்கு அமெரிக்கர்களைப் பிடிக்காது, பொறாமையில் கதை விடுகிறார் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் பெட்டியின் ஆணியைப் பறித்தது என் கைதானே. முதல் தடவையாக எனக்குச் சந்தேகப்பட ஆள் கிடைக்கவில்லை.

இறங்கும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பேரிங்கின் துளை முப்பது மில்லிமீட்டர். வேலுச்சாமி தண்டுக்குக் கொடுத்த அளவு ஒரு அங்குலமும் மூன்று வீசமும். அடிக்கோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். ஆனால் தண்டு இரண்டு தலைமுடிக் கனம் தடித்துவிடும். அந்தத் தடித்த தண்டின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றினால், உருண்டைகள் ஓட இடமில்லாமல் நெருங்கும், சூடேறும், ஓட்டத்தில் இறுகும். சாமானில் குற்றமில்லை. அமெரிக்காக்காரன் வீசத்தில்தான் செய்வான் என்று நம்பியதுதான் குற்றம். அந்த அளவைக் கொடுத்தவர் வேலுச்சாமி, இனி அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். அட்டை கடித்த இடங்களைவிட அது அதிகமாக அரித்தது.

வெள்ளிக்கிழமை மாலை காமயகவுண்டன்பட்டியில் கோயில் முன்னால் கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்து லாரி, பஸ் வைத்திருப்பவர்களும் வந்திருந்தார்கள். ஞானமுத்துவும் வந்திருந்தார், தனியாக ஒரு தூணருகில். ஒரு தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரியோடு அமெரிக்காவிலிருந்து வந்த அந்தத் தேய்ந்த பேரிங்கை எஸ்டேட்டில் இரவல் வாங்கி வந்திருந்தேன்; அதைத் தண்டின் முனையில் வைத்துக் கையால் அழுத்திக் காட்டினேன். ஏறவில்லை.

"அதான் நானும் சொல்றேன். அசல்னா ஏறும்ல" என்றார் வேலுச்சாமி.

அளவுக்கருவியைக் காட்டினேன். ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கொழும்புக் கோலு. கொழும்புக்குத் தக்கனதான பேசும்" என்றார். வேலுச்சாமி தன் அடிக்கோலை எடுத்துவரச் சொல்லி, தண்டின் மேலும் பேரிங்கின் துளை மேலும் மாறி மாறி வைத்தார். இரண்டு தலைமுடிக் கனத்தை அடிக்கோல் எங்கே காட்டும்? "ஒரு இஞ்சும் மூணு வீசமும். ரெண்டும் ஒண்ணுதான். எல்லாரும் வந்து பாத்துக்கங்க" என்றார். வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தொழிலே சந்தேகமாக வாழ்கிறவனை இத்தனை பேர் சேர்ந்து சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும்?

கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஏம்ப்பா, இவரு சாமி கும்பிடுறவருதான? நெத்தியில விபூதி இருக்கு. ஞானமுத்துவுக்கு அவுக வேதம் தடுக்குது. இவரு அணைக்கட்டும். சரக்கு அனுப்புனது இவுகதான. அசல்னு இவரு சொல்லட்டும், நாம ஏத்துக்குவோம்."

கூட்டம் சரி சரி என்றது. வேலுச்சாமி என் கண்ணையே பார்த்தார். ஞானமுத்து தூணை விட்டு இரண்டடி முன்னால் வந்து, "வேண்டாங்க" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். "இது அசல் அமெரிக்காச் சாமான், இது சத்தியம்" என்று உரக்கச் சொல்லி உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். வெளியிலிருந்து பார்க்கும்போது அது சின்னச் சுடராகத்தான் தெரியும். கை வைத்தவனுக்குத்தான் தெரியும். அணைகிற வரை எடுக்கவில்லை.

அளந்து காட்டியபோது அசையாதவர்கள், வெந்த கையைப் பார்த்ததும் அசைந்துவிட்டார்கள். வேலுச்சாமி அடிக்கோலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு தண்டின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் சின்னச்சாமி காலு, நான் குடுத்த அளவாலயா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞானமுத்துவிடம் வந்தார். "நாளைக்கு ஆளு அனுப்புறேன். புதுப் பேரிங்கு ஒண்ணு எடுத்து வைங்க. தண்டை நீங்களே அளந்து கடையச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தேனிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஞானமுத்து எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தார். என் கையில் யாரோ வெண்ணெய் தடவி வெற்றிலை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவர் கடை பிழைத்துவிட்டது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு அடக்கமாக ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். வீரபாண்டி வரைக்கும் நன்றி வரவில்லை.

"வேதத்தில் அவ்வளவு கண்டிப்பா?" என்று நானே ஆரம்பித்தேன்.

"கண்டிப்புதான். ஆனா அது இல்லாட்டியும் நான் அணைச்சிருக்க மாட்டேங்க."

"ஏன்?"

"அவுக கேட்டது, நீ மாத்தலைன்னு சொல்லுன்னு இல்ல. சாமான் அசல்னு சொல்லுன்னு. நீங்க ஒட்டி அனுப்புற பெட்டிய நான் அப்படியே விக்கிறேன். உள்ள இருக்கிறது எங்க செஞ்சதுன்னு எனக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நீங்க அளந்து முப்பது மில்லின்னு சொன்னப்ப, அடப்பாவிகளா, கொழும்புக்காரக நம்மள ஏமாத்திட்டாகளேன்னுதான் உங்களப் பாத்தேன்."

கடையில் அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை, நான் எவ்வளவு தைரியமாகத் தப்பாகப் படித்தேன்.

"இப்ப அமெரிக்காவுலயும் மில்லியில செய்யிறான்னு தெரிஞ்சுபோச்சு. அம்புட்டுதான தெரிஞ்சிருக்கு?" என்றார். "மில்லியில ஜப்பான்காரனும்தான் செய்யிறான். அளவு ஒண்ணா இருந்தா ஊரும் ஒண்ணாயிருமா? அதான் வேண்டாம்னு சொன்னேன். நீங்க கேக்கல." பிறகு மெதுவாக, குற்றம் சொல்லும் குரல் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "தப்பா நெனைக்காதீக. உங்க முதலாளி நெசமாவே அமெரிக்காவுல இருந்துதான் எடுக்குறாகளா?"

எங்கள் கடை வாசலில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இட்லிக்கடைக்காரனை, கட்டை போடுகிறவரை, நாயரை, துரையை, திராட்சையை எல்லாம் சந்தேகப்பட்டேன். முதலாளியிடம் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று சொன்னேன்.